நடுத்தர ஊரில் நல்ல இத்தாலியன் உணவகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பசித்தவன்:

ஊர் நடுத்தரம். தெருவுக்குத் தெரு இத்தாலியன் கடை இருக்கும் பெருநகரமும் இல்லை, ஒன்றுகூட இல்லாத சின்ன ஊரும் இல்லை. ஐந்தாறு கடைகள் இருக்கின்றன. ஆன்லைன் மதிப்பெண் எல்லாவற்றுக்கும் 4.2, 4.3 என்று ஒரே மாதிரி நிற்கிறது. விமர்சனம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் விளக்கு அலங்காரத்தையும் மீதிப் பேர் பார்க்கிங்கையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றி "செம", "சுமார்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஒரு கடையின் மெனு கல்யாண ஆல்பம் கனத்துக்கு இருக்கிறது. இன்னொன்றில் ஒற்றைத் தாள். மூன்றாவதில் கண்ணாடிக்குப் பின்னால் விறகு அடுப்பு எரிகிறது.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உட்காரும் முன்பே மெனுவைப் பார்த்து எதைக் கழித்துவிடலாம்? முதல் தடவை எதை ஆர்டர் செய்தால் சமையலறையின் லட்சணம் தெரியும்? பாஸ்தா தட்டின் அடியில் தண்ணீர் தேங்குவதும், பீட்சா நடுவில் சொதசொதவென்று இருப்பதும் இயல்பா, கோளாறா? கூட வருகிறவர்களில் ஒருவர் சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். அவருக்கு என்ன கேட்டு வாங்க வேண்டும்?

கொதிநிலை:

மெனுவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பீட்சாவுக்கு இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நடுத்தர ஊரில் இத்தாலியன் கடைக்கு முதல் எதிரி, வாங்கிய சரக்கு ஓடாமல் தேங்குவது. புது மொஸரெல்லா சில நாள்தான் தாங்கும். மஸ்கார்போனே என்ற கிரீம் சீஸ் டப்பாவைத் திறந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் தீர்த்தாக வேண்டும். பேசில் என்ற இத்தாலியத் துளசி ஒரே ராத்திரியில் கறுத்துப் போகும். வெள்ளி, சனி கூட்டம் நெரியும். செவ்வாய்க்கிழமை பாதி மேசை காலி. இந்த நிலைமையில் எழுபது ஐட்டம் வைத்திருக்கும் கடை, அவற்றில் பெரும்பாலானதை ஃப்ரீசரில் வைத்தே ஆக வேண்டும். அது சமையல்காரரின் சோம்பல் இல்லை, கணக்கு அப்படி.

அதற்காக மெனுவில் எத்தனை வரி என்று எண்ணிப் பயனில்லை. எத்தனை விதமான மூலப்பொருள் என்று பாருங்கள். இருபத்தைந்து பீட்சா இருந்தாலும் மாவு ஒன்று, சாஸ் ஒன்று, மேலே தூவுவது பத்துப் பன்னிரண்டு சாமான் என்றால் பிரச்சினை இல்லை. பாஸ்தா பக்கத்தில் இறால், கணவாய், வாத்து, முயல், ஆட்டுக்கால், நாலு வகைக் காளான் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சாமான் கேட்கும் பட்டியல் இருந்தால் உஷார். அதில் எது இன்று காலை வந்தது, எது போன மாதம் வந்தது என்று உங்களால் சொல்ல முடியாது.

மெனு ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நல்லது. ரோம் பக்கம் சாய்ந்த கடையில் கார்பொனாரா, அமாத்ரிச்சானா, கிரிச்சா, காச்சோ எ பேப்பே என்ற நான்கு பாஸ்தாவும் இருக்கும். நான்குக்கும் பெக்கொரீனோ சீஸ் பொது. கார்பொனாராவுக்கும் அமாத்ரிச்சானாவுக்கும் கிரிச்சாவுக்கும் பன்றிக் கன்ன இறைச்சியான குவாஞ்சாலேயும் பொது. ஆக இரண்டு சரக்கு வேகமாக ஓடும், எப்போதும் புதிதாக இருக்கும். போலோஞா நகரத்துப் பக்கம் சாய்ந்த கடை என்றால் தல்யத்தெல்லே என்ற பட்டையான முட்டைப் பாஸ்தா, ராகு என்ற இறைச்சிச் சாஸ், பச்சை லசானியா. "ஸ்பகெட்டி போலோனீஸ்" என்று எழுதியிருந்தால் உடனே எழுந்து போக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு கோபம் தேவையில்லை. ஆனால் காரணம் உண்டு: நீண்ட நேரம் வெந்த இறைச்சிச் சாஸ் வழவழப்பான மெல்லிய ஸ்பகெட்டியில் ஒட்டாமல் தட்டில் தங்கிவிடும், பட்டையான முட்டைப் பாஸ்தாவில் அப்பிக்கொள்ளும். போலோஞா வணிக சபையில் 1972-இல் தல்யத்தெல்லேயின் அகலத்தையே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். ராகுவின் செய்முறை 1982-இல் பதிவானது.

பூண்டு ரொட்டி, கிரீம் வழியும் சிக்கன் ஆல்ஃபிரடோ, மீட்பால் ஸ்பகெட்டி எல்லாம் அமெரிக்காவுக்குப் போன இத்தாலியர்களின் சமையல் வழி வந்தவை. அவை தாழ்ந்தவை என்று நான் சொல்லமாட்டேன், நன்றாகச் செய்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் பட்டியல் நீளும் கடையில், அரிசியைக் கிண்டிச் செய்யும் ரிசொட்டோவைக் கேட்காதீர்கள். எது அதிகம் விற்கிறதோ அதில்தான் அந்தச் சமையலறைக்குக் கை பழகியிருக்கும்.

இன்னொன்று, மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த காளான் வகையான டிரஃபிள். வருஷம் முழுக்க, பாஸ்தா முதல் உருளைக்கிழங்கு வறுவல் வரை "டிரஃபிள்" என்று எழுதியிருந்தால் அது டிரஃபிள் எண்ணெய். அதில் பெரும்பாலும் 2,4-டைதயாபென்டேன் என்ற செயற்கை வாசனைப் பொருள் கலந்த எண்ணெய்தான் இருக்கும். வெள்ளை டிரஃபிளின் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நிஜமாக வாங்கிய கடை அதை மேசைக்குக் கொண்டுவந்து கண்ணெதிரே சீவிப் போடும், கிராம் கணக்கில் பணம் வாங்கும். ஒளித்து வைக்காது.

மாவுமேசை:

பீட்சா நடுவில் சொதசொதப்பு பற்றி. எந்த வகைப் பீட்சா என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது, பலரும் இங்கேதான் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

நாப்பொலி (நேப்பிள்ஸ்) வகை என்றால் நடு மெதுவாகத்தான் இருக்கும். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் பதிவு செய்த விதிப்படி நடுவின் கனம் சுமார் 0.4 செ.மீ., ஓரம் 1 முதல் 2 செ.மீ., மொத்த அகலம் 35 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. அடுப்பு 430 முதல் 485 டிகிரி, வேகும் நேரம் 60 முதல் 90 விநாடி. அந்தக் குறுகிய நேரத்தில் ஈரம் முழுதும் போகாது. துண்டைத் தூக்கினால் முனை தொங்கும், மடித்துத்தான் சாப்பிட வேண்டும். ரோம் வட்டப் பீட்சா இதற்கு எதிர்: மாவில் எண்ணெய் இருக்கும், உருட்டுக்கட்டையால் மெல்லிசாகத் தேய்ப்பார்கள், குறைந்த சூட்டில் கூடுதல் நேரம் வேகும், கடித்தால் நொறுங்கும். அது தொங்கினால் கோளாறு. எனவே ஆர்டர் எடுக்கிறவரிடம் முதலில் கேளுங்கள்: "உங்களுடையது நாப்பொலி மாதிரியா, மொறுமொறுப்பான வகையா?" பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் அதுவே ஒரு தகவல்.

மெதுவாக இருப்பது வேறு, வேகாமல் இருப்பது வேறு. பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. நடுத் துண்டில் மேலே உள்ள சீஸையும் தக்காளியையும் கத்தியால் ஒதுக்குங்கள். அடியில் வெள்ளையாக, சின்னச் சின்ன ஓட்டைகளோடு ரொட்டி போல இருந்தால் வெந்துவிட்டது, மேலே இருந்தது தக்காளிச் சாறுதான். கண்ணாடி போல மினுங்கி, பசை மாதிரி பல்லில் ஒட்டும் ஒரு படலம் இருந்தால் மாவு வேகவில்லை. காரணம் அநேகமாக இந்த நாலில் ஒன்றாக இருக்கும்.

மொஸரெல்லாவின் தண்ணீரை வடிக்காமல் போட்டிருப்பார்கள். வெட்டி, சல்லடையில் சில மணி நேரம் குளிரில் வைத்து வடித்த பிறகுதான் அது அடுப்புக்குப் போக வேண்டும். எருமைப்பால் மொஸரெல்லா இன்னும் அதிகமாகத் தண்ணீர் விடும். அதனால் "எக்ஸ்ட்ரா சீஸ்" கேட்பது நீங்களே வரவழைக்கும் வினை.

சாஸ் கூடிப்போயிருக்கும். ஒரு வட்டத்துக்கு 80 கிராம் அளவில் சாஸ், 80 முதல் 100 கிராம் சீஸ் போதும். அதற்கு மேல் போனால் மாவு வேகாது, அவியும்.

மாவு போதிய நேரம் புளிக்காமல் அடுப்புக்குப் போயிருக்கும். நன்றாகப் புளித்த மாவின் ஓரத்தை வெட்டினால் பெரிதும் சிறிதுமாக ஒழுங்கில்லாத துளைகள் தெரியும், அமுக்கினால் மெல்ல எழும்பி வரும். அவசர மாவு நெருக்கமாக, கனமாக இருக்கும், ஈஸ்ட் வாசம் தூக்கலாக அடிக்கும். ஆறின பிறகு ஓரம் ரப்பர் மாதிரி இழுபடுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

கடைசிக் காரணம், அடுப்பின் தரை ஆறிப்போவது. கூட்டம் நெரியும் நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பீட்சா போட்டுக்கொண்டே இருந்தால் கல் சூட்டை இழக்கும், மேல்கூரையில் மட்டும் தீ இருக்கும். மேலே கறுப்பு, அடியில் வெள்ளை என்று வரும். பீட்சா வந்ததும் ஓரத்தைத் தூக்கி அடியைப் பாருங்கள். சிறுத்தைப் புள்ளி மாதிரி அங்கங்கே கறுத்து, மற்ற இடம் பொன்னிறமாக இருந்தால் தரை சரியான சூட்டில் இருக்கிறது. முழுக்கக் கரி என்றால் அடியில் தூவிய மாவு கருகியிருக்கிறது, கசக்கும்.

விறகு அடுப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். தீ கண்ணுக்கு அழகுதான், ஆனால் அதை ராத்திரி முழுக்க ஒரே சூட்டில் வைத்திருக்கத் தனித் திறமை வேண்டும். நல்ல எலெக்ட்ரிக் ஓவனைக் கையாளத் தெரிந்தவர், விறகைக் கையாளத் தெரியாதவரைவிட எவ்வளவோ மேல்.

முதல் தடவைக்கு மரினாரா சொல்லுங்கள். தக்காளி, பூண்டு, ஒரேகானோ, எண்ணெய் அவ்வளவுதான், சீஸே கிடையாது. மாவில் ஏதாவது குறை இருந்தால் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. பெரும்பாலும் மெனுவிலேயே விலை குறைந்த பீட்சாவும் அதுதான். சீஸ் இல்லாமல் முடியாது என்றால் மர்கெரீட்டா.

பார்சல் வாங்கினால் வண்டியில் வைத்ததும் பெட்டி மூடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். ஆவி உள்ளேயே சுற்றினால் பத்து நிமிடத்தில் அட்டை வாசம் ஏறிவிடும். வீட்டில் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம். எண்ணெய் இல்லாத வாணலியில் மிதமான தீயில் அடி மொறுமொறுக்கும்வரை வைத்து, கடைசி ஒரு நிமிடம் மூடி போட்டால் சீஸும் இளகிவிடும்.

கரண்டி:

இத்தாலியன் கடையைச் சோதிக்க எல்லோரும் கார்பொனாராவை ஆர்டர் செய்யச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

கார்பொனாராவில் கிரீம் கிடையாது என்பது உண்மை. இருவருக்கு 200 கிராம் பாஸ்தா என்றால் 60 முதல் 80 கிராம் குவாஞ்சாலே, மூன்று மஞ்சள் கரு, ஒரு முழு முட்டை, 50 கிராம் அளவில் பெக்கொரீனோ, தாராளமாக மிளகு. வாணலியைத் தீயிலிருந்து இறக்கிவிட்டுத்தான் முட்டைக் கலவையை ஊற்ற வேண்டும். மஞ்சள் கரு 65 டிகிரியில் கெட்டியாகத் தொடங்கும், 70-ஐத் தாண்டினால் முட்டைப் பொரியல்தான். இந்த ஐந்து டிகிரி இடைவெளியில் நிற்கத் தெரியாத சமையலறை கிரீமை ஊற்றித் தப்பிக்கும். கிரீம் இருந்தால் திரியாது, சர்வர் வந்து எடுக்கும்வரை தட்டு காத்திருக்கவும் செய்யும். ஆக கார்பொனாராவில் கிரீம் என்றால் அந்தக் கடை முட்டைக்குப் பயப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் நல்ல குவாஞ்சாலே எல்லா ஊரிலும் கிடைக்காது. பன்றி வயிற்றுப் பகுதி இறைச்சியான பஞ்செத்தா போட்டிருந்தால் மன்னித்துவிடலாம். புகையூட்டிய பேக்கன் போட்டால் சுவை வேறு பக்கம் போய்விடும், அதற்கும் சரக்கு கிடைக்காததே காரணமாக இருக்கலாம். பன்றி இறைச்சியே சமைக்காத கடைகளும் உண்டு. அதனால் சரக்கைச் சோதிக்காமல் கையைச் சோதிக்கும் பண்டத்தைக் கேளுங்கள்: தக்காளிச் சாஸ் போட்ட ஸ்பகெட்டி அல் பொமொதோரோ, இல்லாவிட்டால் பூண்டும் எண்ணெயும் சேர்ந்த அல்யோ எ ஓல்யோ. இரண்டும் எந்த ஊரிலும் கிடைக்கும் சாமானில் முடிந்துவிடும்.

அல்யோ எ ஓல்யோவில் பூண்டைப் பாருங்கள். மெல்லிய சீவலாக, வெளிர் பொன்னிறத்தில் இருக்க வேண்டும். பழுப்பாகிவிட்டால் எண்ணெய் மொத்தமும் கசந்துவிடும், மிளகாயைக் கூட்டி அதை மறைக்கப் பார்ப்பார்கள். பிறகு சாஸே ஒட்டாத ஒரு பாஸ்தா இழையைத் தனியாக எடுத்துக் கடியுங்கள். உள்ளே உப்பு தெரிய வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு, 100 கிராம் பாஸ்தா என்பது பழைய கணக்கு. தண்ணீரில் உப்பில்லை என்றால் வெளியே கரிக்கும், உள்ளே சப்பென்று இருக்கும், மேலே எவ்வளவு சீஸ் தூவினாலும் சரியாகாது. கடித்த இடத்தைக் கண்ணாலும் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெளிறிய புள்ளி தெரிந்தால் சரியான பதம்.

இனி தட்டடியில் தேங்கும் தண்ணீர். இது சந்தேகமில்லாமல் கோளாறு. பாஸ்தாவை வடித்துத் தட்டில் போட்டு, மேலே சாஸை ஊற்றினால் இப்படித்தான் ஆகும். பாஸ்தாவில் ஒட்டியிருந்த தண்ணீர் கீழே இறங்கும், எண்ணெய் தனியே மிதக்கும். சரியான முறையில் பாஸ்தா ஒன்றிரண்டு நிமிடம் முன்பே தண்ணீரிலிருந்து வெளியே வந்து, சாஸ் இருக்கும் வாணலியில் விழ வேண்டும். மாவுச்சத்து கலந்த கொதிநீர் ஒரு சிறு கரண்டி, சுமார் 60 மில்லி, கூடவே போகும். நன்றாகக் குலுக்கும்போது அந்த மாவுச்சத்து எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும். தட்டைச் சாய்த்தால் சாஸ் பாஸ்தாவோடு நகர வேண்டும், தனியாக ஓடக் கூடாது. சாப்பிட்டு முடித்த தட்டில் மெல்லிய பூச்சுதான் மிஞ்ச வேண்டும், குளம் இல்லை.

இன்னொரு சாத்தியமும் உண்டு. பல கடைகளில் உலர் பாஸ்தாவை முக்கால் பதம் வேகவைத்து, எண்ணெய் தடவி ஆறவைத்து, ஆர்டர் வந்ததும் ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுப்பார்கள். கூட்டத்தைச் சமாளிக்க வேறு வழி இல்லாதபோது இது தொழில் தந்திரம்தான். விளைவு என்னவென்றால், எண்ணெய்ப் படலத்தில் சாஸ் வழுக்கும், மேற்பரப்பு மாவுச்சத்தும் ஏற்கனவே போயிருக்கும். உலர் ஸ்பகெட்டிக்குக் கொதியே எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம். ஆர்டர் சொன்ன ஐந்தாவது நிமிடம் தட்டு வந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். புது முட்டைப் பாஸ்தா மட்டும் விதிவிலக்கு, அது இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும்.

ரிசொட்டோவும் அப்படியே. அரிசி கார்னரோலி, ஆர்போரியோ எதுவானாலும் 16 முதல் 18 நிமிடம் கிண்டியாக வேண்டும். "குறைந்தது இரண்டு பேருக்கு, 20 நிமிடம் ஆகும்" என்று மெனுவில் எழுதியிருந்தால் சந்தோஷப்படுங்கள், அந்த ரிசொட்டோவை நம்பி வாங்கலாம். வந்ததும் தட்டின் விளிம்பைத் தட்டுங்கள்: மெல்ல அலை போலப் பரவ வேண்டும். அச்சில் வைத்துக் கவிழ்த்த மாதிரி மேடாக நின்றால் அது வெந்து காத்திருந்த ரிசொட்டோ.

சீஸும் மிளகும் மட்டுமே சேரும் காச்சோ எ பேப்பேயை முதல் தடவையே கேட்காதீர்கள். சூடு கொஞ்சம் கூடினாலும் சீஸின் புரதம் சுருண்டு கட்டியாகிவிடும். தேர்ந்தவர்களுக்கே கைதவறும். 2025-இல் இயற்பியலாளர்கள் இதை ஆராய்ந்து, சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் சாஸ் திரியாமல் நிற்கும் என்று கட்டுரையே எழுதினார்கள். கட்டி இல்லாமல் கொடுக்கும் கடையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இலைமறை:

சைவக்காரருக்கு.

"இது வெஜ்ஜா?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற பதில்தான் வரும். இறைச்சித் துண்டு கண்ணில் படவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பொருளைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

பெரிய கண்ணி சீஸ். பார்மிஜானோ ரெஜானோவில் பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் கட்டாயம், செய்முறை விதியே அதுதான். கிரானா பதானோவும் விலங்கு ரென்னெட்தான். பெக்கொரீனோ ரொமானோவில் ஆட்டுக்குட்டி ரென்னெட். எருமைப்பால் மொஸரெல்லாவில் "கம்பானா" முத்திரை உள்ளதும் கன்று ரென்னெட்டால் உறையவைத்தது. தொழிற்சாலையில் செய்யும் சாதாரண மொஸரெல்லாவில் நுண்ணுயிர் ரென்னெட் அதிகம் புழங்குகிறது, ஆனால் பாக்கெட்டைப் பார்க்காமல் நம்ப முடியாது. உள்ளே போய் லேபிளைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நல்ல கடை முகம் சுளிக்காது.

சீஸ் ஒளிந்திருக்கும் இடங்கள்: பேசிலை அரைத்துச் செய்யும் பெஸ்தோ சாஸில் அநேகமாக எப்போதும், ராவியோலியின் பூரணத்தில், ரிசொட்டோவின் கடைசிக் கிண்டலில், காய்கறி சூப்பில் போட்டுக் கொதிக்கவிடும் பார்மிஜானோவின் தோலில். ரிசொட்டோவுக்கும் சூப்புக்கும் ஊற்றும் ஸ்டாக் பெரும்பாலும் கோழி அல்லது மாட்டிறைச்சி. நெத்திலி மாதிரியான ஆஞ்சோவி மீன் எண்ணெயில் கரைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. புத்தனெஸ்கா சாஸில் அநேகமாக உண்டு, பச்சைக் கீரையோடு செய்யும் ஒரெக்கியெத்தே பாஸ்தாவிலும் பல நேரம் இருக்கும். ஃபொகாச்சியா, பியதீனா ரொட்டிகளில் சில வகைகளில் பன்றிக் கொழுப்பு சேரும். இனிப்பில் பன்னா கொத்தா, விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டினில் நிற்பது.

முட்டை வேண்டாம் என்றால் உலர் பாஸ்தா பாதுகாப்பு, அது பெரும்பாலும் துரும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். "வீட்டில் செய்த" என்று போட்டிருக்கும் தல்யத்தெல்லே, ஃபெத்துச்சீனே, லசானியா ஏடு எல்லாவற்றிலும் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில் முட்டை உண்டு. உருளைக்கிழங்கு உருண்டைகளான நியோக்கியிலும் பலர் சேர்ப்பார்கள், கேட்டுவிடுங்கள். காபியில் நனைத்த பிஸ்கட்டும் கிரீமும் அடுக்கிய தீராமிசுவில் முட்டை கிரீமிலும் உண்டு, சவொயார்தி பிஸ்கட்டிலும் உண்டு.

மிஞ்சுவது குறைவு என்று நினைக்க வேண்டாம். மரினாரா பீட்சா, சீஸ் தூவாத பொமொதோரோ, அல்யோ எ ஓல்யோ, காரச் சாஸான அராபியாத்தா, கத்தரிக்காய் கப்பொனாத்தா, தக்காளி புருஸ்கெத்தா எல்லாம் இயல்பிலேயே சைவம். "சீஸை எடுத்துவிட்டுக் கொடுங்கள்" என்று ஒரு பண்டத்தை மாற்றச் சொல்வதைவிட, பிறப்பிலேயே சீஸ் இல்லாததைக் கேட்பது மேல். சுவையும் கெடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள்: பாஸ்தா கொதிக்கும் தண்ணீர் பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. முட்டைப் பாஸ்தா வெந்த அதே தண்ணீரில்தான் உங்களுடையதும் வேகும். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். குளூட்டன் இல்லாத பாஸ்தா வைத்திருக்கிறோம் என்று சொன்னால் போதாது, தனிப் பாத்திரமா என்று கேளுங்கள். பீட்சாக் கடையில் காற்றிலேயே மாவு பறக்கும், கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் அங்கே தவிர்ப்பதே சரி.

பசித்தவன்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டே கேள்வி. பத்துப் பேர் சேர்ந்து வெள்ளிக்கிழமை இரவு போவதாக இருந்தால் எப்படி ஆர்டர் செய்வது? மேசையில் குலுக்கிப் போடும் டப்பாவில் வைத்திருக்கிறார்களே, அது பார்மிஜானோதானா?

கரண்டி:

டப்பாவில் இருப்பது அநேகமாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் "பார்மசான்" என்ற பெயரே பார்மிஜானோ ரெஜானோவுக்குத்தான் என்று 2008-இல் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வெளியே பல நாடுகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, எந்தக் கடின சீஸையும் அப்படி அழைக்கலாம். தூளாக்கிய சீஸ் கட்டிதட்டாமல் இருக்கச் செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருளைச் சேர்ப்பார்கள், அதனால்தான் மரத்தூள் மாதிரி உலர்ந்து விழுகிறது. உண்மையான பார்மிஜானோ குறைந்தது 12 மாதம் பழுத்தது, துருவினால் லேசாக ஈரம் இருக்கும், விரலில் ஒட்டும். மேசையில் துருவித் தரும் கடை என்றால் கட்டியைக் காட்டச் சொல்லுங்கள், தோலில் புள்ளி எழுத்தில் பெயர் பதிந்திருக்கும். இன்னொன்று, மீன், இறால் போட்ட பாஸ்தாவுக்கு சீஸ் கேட்டால் நல்ல கடையில் சர்வர் ஒரு நொடி தயங்குவார். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மீனோடு சீஸ் சேர்ப்பது இத்தாலிய வழக்கமில்லை.

கொதிநிலை:

பத்துப் பேர், வெள்ளி இரவு, ஆளுக்கொரு பாஸ்தா என்றால் நிச்சயம் சொதப்பும். பாஸ்தா கொதிக்கவைக்கும் கருவியில் நாலு அல்லது ஆறு கூடைதான் இருக்கும், அடுப்பில் நாலு வாணலி. முதலில் தயாரான தட்டு கடைசித் தட்டுக்காகக் காத்திருக்கும், மூன்று நான்கு நிமிடத்தில் சாஸை உறிஞ்சி இறுகிவிடும். வந்ததும் "ஆறிப்போச்சு" என்று சண்டை பிடித்துப் பயனில்லை.

முன்கூட்டியே போன் செய்து இரண்டே வகைப் பாஸ்தாவை முடிவு செய்யுங்கள், வகைக்கு ஐந்து தட்டு. அதில் ஒன்று லசானியா அல்லது அடுப்பில் சுட்ட வேறு ஏதாவதாக இருந்தால் சமையலறைக்குப் பாதிச் சுமை குறையும், அது காத்திருந்தாலும் கெடாது. இன்னொன்று சைவக்காரரும் சாப்பிடும்படியான தக்காளி வகையாக இருக்கட்டும், அவருக்கென்று தனித் தட்டு தாமதமாக வராது. ரிசொட்டோ வேண்டாம். பீட்சாவை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எதிர்பார்க்காதீர்கள். சாதாரண அடுப்பில் ஒரு தடவைக்கு மூன்று நான்குதான் கொள்ளும். வரவர நடுவில் வைத்து வெட்டிப் பகிர்ந்துகொள்ளுங்கள். பத்தும் சேரட்டும் என்று முதல் பீட்சாவை ஆறவிடுவது பாவம்.

தீராமிசுவை ஆரம்பத்திலேயே எண்ணிச் சொல்லிவிடுங்கள், அன்றைக்குச் செய்த தட்டு தீர்ந்தால் தீர்ந்ததுதான். கரண்டியால் எடுத்தால் குழைந்து விழ வேண்டும். கத்தியால் வெட்டிய சோப்புக் கட்டி மாதிரி கூர்மையாக நின்றால் ஜெலட்டின் சேர்த்திருக்கிறார்கள். அடியில் காபி தேங்கினால் பிஸ்கட்டை அதிக நேரம் ஊறவிட்டிருக்கிறார்கள். கர்ப்பிணிகள் யாராவது இருந்தால் முட்டை பாஸ்டரைஸ் செய்ததா என்று கேட்டுவிடுங்கள், பழைய முறையில் அது பச்சை முட்டை.

ஆனால் பத்துப் பேரோடு போவது அந்தக் கடை நல்லதா என்று பார்க்கும் நாளாக இருக்கக் கூடாது. அதற்கு முன்பே ஒரு செவ்வாயோ புதனோ, கடை திறந்து ஒரு மணி நேரம் கழித்து, இருவராகப் போய் ஒரு மரினாரா, ஒரு பொமொதோரோ சாப்பிட்டுப் பாருங்கள். அடுப்பின் தரை சூடாகியிருக்கும், கூட்டமும் இருக்காது. அன்றைக்கே அந்த இரண்டும் சரியாக வரவில்லை என்றால் வெள்ளிக்கிழமைக்கு வேறு கடையில் மேசை சொல்லுங்கள்.